பிஎஸ்எல்இ தேர்வு: தொடக்கநிலை 6 பெற்றோருக்குப் படிப்படியான விளக்கம்

சிங்கப்பூரில் பிள்ளை தொடக்கநிலை 6-க்கு வந்துவிட்டால் வீட்டின் பேச்சே மாறிவிடுகிறது. எந்தத் துணைப்பாட வகுப்பு நல்லது, எந்தப் பள்ளியின் பழைய வினாத்தாள் கிடைக்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளை எங்கே சேர்ந்தான் என்று நாள் முழுவதும் அதே சிந்தனைதான். ஆனால் பிஎஸ்எல்இ எனப்படும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் மதிப்பெண்ணை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று கேட்டால் பலரும் தயங்குகிறார்கள். தமிழ்நாட்டில் படித்துவிட்டு இங்கே குடியேறிய பெற்றோருக்கு இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். நம் ஊர் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வைப்போல ஒவ்வொரு மதிப்பெண்ணும் பிள்ளையின் தலையெழுத்தை மாற்றும் என்று நினைத்துவிடுகிறார்கள். இங்கே கணக்கு வேறு. அதைப் புரிந்துகொண்டாலே வீட்டில் பாதிப் பதற்றம் தணியும் என்று உறுதியாக நம்புகிறேன்.

முதல் படி: கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

ஆங்கிலம், கணிதம், அறிவியல், தாய்மொழி என்று நான்கு பாடங்கள். 2021 முதல் ஒவ்வொரு பாடத்திற்கும் 1 முதல் 8 வரை ஓர் அடைவுநிலை தருகிறார்கள். 90-ம் அதற்கு மேலும் எடுத்தால் 1. 85 முதல் 89 வரை 2, 80 முதல் 84 வரை 3, 75 முதல் 79 வரை 4. அதற்குப் பிறகு இடைவெளி அகலமாகிறது: 65 முதல் 74 வரை 5, 45 முதல் 64 வரை 6, 20 முதல் 44 வரை 7, 20-க்குக் கீழே 8. நான்கையும் கூட்டினால் வருவதுதான் மொத்தம். மிகச் சிறந்தது 4, கடைசி 32. எண் குறையக் குறைய நல்லது.

ஒரு பிள்ளை ஆங்கிலத்தில் 82, கணிதத்தில் 91, அறிவியலில் 76, தமிழில் 84 எடுத்ததாக வைத்துக்கொள்வோம். அடைவுநிலைகள் 3, 1, 4, 3. மொத்தம் 11. இந்தப் பிள்ளை தமிழில் 84-க்குப் பதில் 80 எடுத்திருந்தாலும் மொத்தம் அதே 11தான். ஆனால் 85 எடுத்திருந்தால் 10 ஆகியிருக்கும். ஆகவே ஏற்கெனவே 93 எடுக்கும் பாடத்தை 97 ஆக்கப் பிள்ளையை விரட்டுவதில் பயனில்லை. 73-ல் நிற்கும் பாடத்தை 75-க்கு ஏற்றினால் பலன் உண்டு. பள்ளித் தேர்வுத் தாள்களை மேசையில் பரப்பி, எந்தப் பாடம் எந்த எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று பாருங்கள். நேரத்தை அங்கே செலவிடுங்கள்.

2020 வரை இருந்த முறையில் மற்ற பிள்ளைகள் எப்படி எழுதினார்கள் என்பதும் ஒருவரின் மதிப்பெண்ணைப் பாதித்தது. இப்போது அப்படியில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை நன்றாக எழுதுவதால் உங்கள் பிள்ளையின் அடைவுநிலை குறையாது.

இரண்டாம் படி: நாள்காட்டியில் குறித்துவையுங்கள்

வாய்மொழித் தேர்வு ஆகஸ்ட் மாதத்தில். கேட்டல் கருத்தறிதல் செப்டம்பரில். எழுத்துத் தேர்வு செப்டம்பர் கடைசியில் தொடங்கி அக்டோபர் தொடக்கத்தில் முடியும். முடிவுகள் நவம்பர் கடைசி வாக்கில் வரும், உயர்நிலைப்பள்ளி எது என்பது டிசம்பரில் தெரியும். சரியான தேதிகளைப் பள்ளி தெரிவிக்கும்.

மூன்றாம் படி: தமிழை வீட்டில் பேசுங்கள்

மொத்தத்தில் நான்கில் ஒரு பங்கு தமிழுக்கு. அறிவியலுக்கு எவ்வளவு எடையோ, தமிழுக்கும் அவ்வளவே. ஆனால் அறிவியலுக்குத் துணைப்பாட வகுப்பு தேடி அலையும் பெற்றோர், தமிழைப் பள்ளியிலேயே விட்டுவிடுகிறார்கள். எனக்கு இது மிகவும் வருத்தம் தரும் விஷயம். ஏனென்றால் வீட்டாரே அதிகம் உதவக்கூடிய பாடம் இதுதான். தமிழ்த் தேர்வில் வாய்மொழிக்கு மட்டும் கால்வாசி மதிப்பெண். கேட்டலுக்குப் பத்து விழுக்காடு.

வாய்மொழித் தேர்வில் இரண்டு பகுதிகள். முதலில் ஒரு பத்தியை வாய்விட்டு வாசிக்க வேண்டும். ல, ள, ழ மூன்றும் ஒன்றாக ஒலித்தால் மதிப்பெண் குறையும். தினமும் செய்தித்தாளில் ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் போதும்.

அடுத்தது ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு உரையாடுவது. பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். காணொளியில் ஒரு சிறுவன் உணவங்காடியில் சாப்பிட்ட தட்டை மேசையிலேயே விட்டுவிட்டுப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். "அந்தப் பையன் தட்டை எடுக்கவில்லை" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் பிள்ளை நிறுத்திக்கொள்ளும். தேர்வாளர் எதிர்பார்ப்பது அதற்கு மேல்: அவன் செய்தது ஏன் சரியில்லை, உனக்கு அப்படி ஓர் அனுபவம் உண்டா, நீ அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய். அன்று பார்த்த ஏதாவது ஒன்றைப் பற்றி இந்த மூன்று கேள்விகளையும் இரவுச் சாப்பாட்டின்போது கேளுங்கள். பிள்ளை ஆங்கிலத்திற்குத் தாவினால் திட்ட வேண்டாம். அந்தச் சொல்லுக்குரிய தமிழ்ச்சொல்லை நீங்கள் எடுத்துக்கொடுத்து, அதே வாக்கியத்தைத் தொடரச் சொல்லுங்கள். வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால் இந்த வேலையை அவர்களிடம் ஒப்படையுங்கள், அவர்களைவிட நல்ல துணை கிடைக்காது.

தமிழோடு கூடுதலாக, அதைவிடக் கடினமான உயர்தமிழ்ப் பாடத்தையும் எடுக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒன்று: அந்தப் பாடத்தின் முடிவு மேலே சொன்ன மொத்தத்தில் சேராது.

நான்காம் படி: நேரடிப் பள்ளிச் சேர்க்கை

விளையாட்டு, இசை, மொழி போன்றவற்றில் திறன் உள்ள பிள்ளைகள் தேர்வுக்கு முன்பே, ஆண்டின் நடுப்பகுதியில், உயர்நிலைப்பள்ளிகளுக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். ஆனால் இந்த வழியில் இடத்தை ஏற்றுக்கொண்டால் பிறகு மனம் மாற முடியாது. தேர்வில் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் வேறு பள்ளியைத் தேர்ந்தெடுக்க இயலாது. பிள்ளைக்கு அந்தப் பள்ளியில் நான்கைந்து ஆண்டு இருக்க விருப்பமா என்று கேட்காமல் விண்ணப்பிக்காதீர்கள்.

ஐந்தாம் படி: ஆறு பள்ளிகளைத் தேர்ந்தெடுங்கள்

முடிவு வந்ததும் ஆறு உயர்நிலைப்பள்ளிகளை விருப்ப வரிசையில் இணையம்வழி தெரிவிக்க வேண்டும். அதற்குக் கிடைப்பது சில நாள்களே. ஆகவே பள்ளிகளைப் பார்க்கும் வேலையைத் தேர்வுக்கு முன்பே தொடங்கிவிடுங்கள்.

கல்வி அமைச்சின் இணையத்தளத்தில் ஒவ்வொரு பள்ளியிலும் முந்தைய ஆண்டு சேர்ந்த பிள்ளைகளின் மொத்த எண் எதிலிருந்து எதுவரை என்று இருக்கும். அது ஆண்டுக்கு ஆண்டு மாறும். உங்கள் பிள்ளையின் எண் 11 என்றால், ஆறில் இரண்டு மூன்று பள்ளிகளாவது கடைசியாகச் சேர்ந்தவரின் எண் 11-ஐவிட அதிகமாக உள்ளவையாக இருக்கட்டும். ஆறையும் எட்டாத உயரத்தில் வைத்துவிட்டால், பிறகு இடம் மீதமுள்ள ஏதோ ஒரு பள்ளிக்குப் போக வேண்டிவரும்.

ஒரே எண் பெற்ற பலர் கடைசி இடத்துக்குப் போட்டியிட்டால் முதலில் குடியுரிமை பார்க்கப்படும்: குடிமக்கள், நிரந்தரவாசிகள், வெளிநாட்டவர் என்ற வரிசையில். அடுத்து, பள்ளியை எத்தனையாவது விருப்பமாகப் போட்டீர்கள் என்பது. அதிலும் சமமானால் கணினிக் குலுக்கல். இதனால்தான் விருப்ப வரிசையை அவசரத்தில் நிரப்பக்கூடாது.

எண் 20-க்கு மேல் போய்விட்டால் கதை முடிந்தது என்று சில பெற்றோர் இடிந்துபோகிறார்கள். ஆனால் தேர்வு முடிவை வைத்துப் பிள்ளைகளைப் பிரித்த பழைய விரைவுநிலை, வழக்கநிலைப் பிரிவுகள் 2024-ல் உயர்நிலை 1-க்குச் சென்ற மாணவர்களிலிருந்து இல்லை. பாடங்களை ஜி1, ஜி2, ஜி3 என்ற நிலைகளில் படிக்கிறார்கள்; ஜி3தான் இவற்றில் கடினமானது. மொத்தம் 24 வந்த பிள்ளை கணிதத்தில் மட்டும் அடைவுநிலை 5 எடுத்திருந்தால், அந்தப் பாடத்தை உயர்நிலை 1-லிருந்தே ஜி3 நிலையில் படிக்க வாய்ப்பு உண்டு.

கடைசியாக, பட்டியலில் உள்ள பள்ளியில் தமிழ் கற்பிக்கிறார்களா என்று பாருங்கள். எல்லா உயர்நிலைப்பள்ளிகளிலும் தமிழ் வகுப்பு இல்லை. இல்லாத பள்ளி மாணவர்கள் பள்ளி முடிந்தபின் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் போன்ற வேறோர் இடத்துக்குச் சென்று படிக்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வீடு, பள்ளி, தமிழ் வகுப்பு மூன்றுக்கும் இடையே எம்ஆர்டி, பஸ் பயணம் எவ்வளவு நேரமாகும் என்று பிள்ளையுடன் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு அந்தப் பள்ளியை வரிசையில் எழுதுங்கள்.