பாட்டிக்கு ஒரு பஸ் ஆப்: ஸ்கூல் ஆப் போட்டிக்கு முதல்தடவை போறவங்களுக்கு

ஸ்கூல்ல கோடிங் போட்டி, ஆப் டிசைன் போட்டின்னு அறிவிப்பு வந்த உடனே தம்பி தங்கச்சிங்க எல்லாம் கேக்குறது ஒரே கேள்வி, "அண்ணா எந்த லேங்குவேஜ் படிக்கணும்?" அத அப்புறம் பாத்துக்கலாம், யாருக்காக செய்றீங்கன்னு மொதல்ல சொல்லுங்க. "எல்லாருக்கும்"னு சொன்னீங்கன்னா இன்னும் யோசிக்கவே ஆரம்பிக்கலன்னு அர்த்தம். இங்க சிங்கப்பூர் ப்ரைமரில நடக்குற கோட் ஃபார் ஃபன்ங்கிற கோடிங் க்ளாஸ்ல, மைக்ரோபிட்ங்கிற குட்டி கம்ப்யூட்டர் போர்டுல லைட்டு எரிய வச்ச அனுபவம் இருந்தா இந்தப் பதிவுக்கு அது தாராளம்.

நான் எடுத்துக்குற ஆளு எங்க பாட்டி.

ஸ்டெப் 1: ஆள உக்காந்து கவனிங்க. பாட்டி தேக்கா மார்க்கெட்டுக்கு போக ப்ளாக்குக்கு பக்கத்துல இருக்குற பஸ் ஸ்டாப்ல காத்திருப்பாங்க. பஸ் கிட்ட வந்தாதான் நம்பர் கண்ணுக்கு தெரியும், கை காட்டுறதுக்குள்ள அது பாட்டுக்கு போயிடும். பஸ் நேரம் காட்டுற ஆப் போன்லயே இருக்கு, ஆனா எழுத்து பொடிசு, அதுவும் இங்கிலீஷ். அரை மணி நேரம் பக்கத்துல உக்காந்து நோட்ல எழுதுனதுல கடைசியா ஒரே வரி மிஞ்சிச்சு: படத்த அமுக்குனா அடுத்த பஸ் எத்தன நிமிஷத்துல வரும்னு தமிழ்ல சொல்லணும். அவ்ளோதான் ஆப். டீம்ல ஒருத்தன் கண்டிப்பா லாகின் வைக்கலாம், டார்க் மோட் வைக்கலாம்னு ஆரம்பிப்பான், அந்த வரிய காட்டி உக்கார வைங்க.

ஸ்டெப் 2: பேப்பர். கம்ப்யூட்டர்ல ஸ்க்ரீன் வரையிற ஃபிக்மாவெல்லாம் அப்புறம் தொறக்கலாம். ஏ4 பேப்பர மடிச்சு போன் சைஸுக்கு வெட்டி ஸ்க்ரீன வரைஞ்சு அவங்க கையில குடுங்க, விளக்கம் சொல்லாதீங்க, வாய மூடிட்டு விரல் எங்க போகுதுன்னு மட்டும் பாருங்க. நாங்க கீழ அழகா ஒரு பட்டன் வரைஞ்சிருந்தோம், பாட்டி அத சீண்டவே இல்ல, மேல சும்மா அலங்காரத்துக்கு இருந்த பஸ் படத்த அமுக்குனாங்க. சரி, படமே பட்டன் ஆயிடுச்சு.

ஸ்டெப் 3: கட்டுறது. முதல்தடவைன்னா கோட் எழுதாம ஆப் செய்ய உதவுற எம்ஐடி ஆப் இன்வென்டர் போதும். 2010ல கூகுள் ஆரம்பிச்சு பிறகு அமெரிக்காவோட எம்ஐடி பல்கலைக்கழகத்து கைக்கு போனது, இலவசம், ப்ரவுசர்லயே ஓடும். டிசைனர் பக்கத்துல பட்டன், லேபிள், வெப், டெக்ஸ்ட் டு ஸ்பீச், க்ளாக் அஞ்சையும் இழுத்து போடுங்க, ப்ளாக்ஸ் பக்கத்துல கட்டைய கட்டையா கோர்க்கலாம். போன்ல ஆப் இன்வென்டரோட கம்பேனியன் ஆப்ப போட்டு க்யூஆர் ஸ்கேன் பண்ணா செஞ்சது அப்பப்ப போன்ல தெரியும். கனெக்ட் ஆகலன்னா மண்டைய உடைக்காதீங்க, போன் ஹாட்ஸ்பாட்ல லேப்டாப்ப போட்டு பாருங்க.

ஸ்டெப் 4: பஸ் நேரம் எங்கேர்ந்து வருது. சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையம், அதான் எல்டிஏ, அதோட டேட்டாமால்ங்கிற வெப்சைட்ல பதிவு பண்ணா இலவசமா ஒரு கீ, அதாவது டேட்டா கேக்க பாஸ்வேர்ட் மாதிரி ஒரு குறியீடு குடுப்பாங்க. வெப் காம்போனென்ட்டோட ஹெடர்ல (கேள்வியோட சேத்து அனுப்புற தகவல்) அந்த கீய வச்சு, பஸ் ஸ்டாப் கம்பத்துல இருக்குற 5 இலக்க எண்ண அனுப்புனா அந்த ஸ்டாப்புக்கு வர்ற ஒவ்வொரு சர்வீஸுக்கும் அடுத்த மூணு பஸ் வரைக்கும் ஜேசன்ங்கிற டெக்ஸ்ட் வடிவத்துல வந்து விழும். பஸ்ல கூட்டம் எப்படின்னும் அதுலயே இருக்கு, எஸ்இஏ (SEA)ன்னா சீட் இருக்கு, எஸ்டிஏ (SDA)ன்னா நிக்க இடம் இருக்கு, எல்எஸ்டி (LSD)ன்னா நெரிசல். முட்டி வலிக்குற பாட்டிக்கு நிமிஷக் கணக்க விட இதுதான் முக்கியம்னு எங்களுக்கு ரொம்ப லேட்டாதான் உறைச்சிச்சு.

இங்கதான் எல்லாரும் மாட்டுவாங்க. நேரம் தேதியோட ஒட்டி நீளமா வரும், நடுவுல ஒரு T எழுத்து, கடைசில +08:00. 12வது எழுத்துலேர்ந்து 5 எழுத்த வெட்டி எடுங்க, 16:41ன்னு கிடைக்கும். 16ஐ 60ஆல பெருக்கி 41ஐ கூட்டி, இப்போதைய நேரத்தையும் அதே மாதிரி நிமிஷமாக்கி கழிச்சா விடை. ராத்திரி 11:58க்கு டெஸ்ட் பண்ணப்ப மைனஸ் ஆயிரத்து சொச்சம் நிமிஷம்னு சொல்லிச்சு, ஏன்னா அடுத்த பஸ் பன்னெண்டு தாண்டி. விடை ரொம்ப மைனஸ்ல போனா 1440ஐ கூட்டுங்க. கடைசி பஸ் போயிட்டா அந்த இடம் காலியா வரும், அதுக்கும் ஒரு இஃப் (if) கட்டை போட்டு "இனிமே பஸ் இல்ல"ன்னு சொல்ல வைங்க. இன்னொன்னு, ப்ராஜக்ட் ஃபைல யாருக்காவது அனுப்புறதுக்கு முன்னாடி கீய எடுத்துடுங்க, ஃபைலோட சேந்து அதுவும் போயிடும்.

ஸ்டெப் 5: குரல். போன் செட்டிங்ஸ்ல தமிழ் குரல மொதல்ல இறக்கிடுங்க. 147ன்னு அப்படியே குடுத்தா நூத்தி நாப்பத்தேழுன்னு வாசிக்கும், இங்க எந்த பாட்டி அப்படி சொல்றாங்க? ஒன் ஃபோர் செவன்தான். அதனால ஒவ்வொரு இலக்கத்துக்கும் தமிழ் எழுத்துல ஒன், டூ, த்ரீன்னு ஒரு லிஸ்ட் வச்சு அதுலேர்ந்து எடுத்து பேச விட்டோம். சின்ன விஷயம்தான், ஆனா பாட்டி சிரிச்சது அப்பதான்.

ஸ்டெப் 6: டெமோ. நான் படிக்கும்போது கலந்துக்கிட்ட ஒரு போட்டில, ஜட்ஜ் முன்னாடி பட்டன அமுக்குறேன், வைஃபை இல்ல, ஸ்க்ரீன்ல வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு, பேச வேண்டிய நேரம் பூரா அத பாத்துக்கிட்டே போயிடுச்சு. தப்பு என்னோடதுதான். வந்த டேட்டாவுல ஒரு காப்பிய ஆப்புக்குள்ளயே சேத்து வைங்க, நெட் இல்லன்னா அதுலேர்ந்து பேசட்டும், ஆனா அது பழைய டேட்டான்னு ஜட்ஜ்கிட்ட மறைக்காம சொல்லிடுங்க. ஆப்பிள் மாணவர்களுக்கு நடத்துற ஸ்விஃப்ட் ஸ்டூடண்ட் சேலஞ்ச் போட்டில கூட நெட் இல்லாம ஓடணும், 3 நிமிஷத்துக்குள்ள பாத்து முடிக்கிற மாதிரி இருக்கணும்னுதான் கேக்குறாங்க. உங்க போட்டியோட விதிமுறைய ஒருத்தர் சத்தமா படிக்க மத்தவங்க கேளுங்க, ஏஐய எவ்ளோ பயன்படுத்தலாம்ங்கிறதையும் சேத்து.

ஸ்லைட் அஞ்சுக்கு மேல வேணாம். ஜட்ஜ் பெரும்பாலும் கேக்குறது "இத யாராவது பயன்படுத்துனாங்களா?"ன்னுதான். நாங்க பேப்பர் ஸ்க்ரீன் போட்டோ, அது பக்கத்துல இப்ப இருக்குற ஸ்க்ரீன், கீழ பாட்டி குடுத்த ஃபீட்பேக்க அப்படியே போட்டுட்டோம்: "சத்தம் பத்தல, லாரி போனா ஒண்ணும் கேக்கல."