நெக்ஸ்ட் ஜெனரேஷனை எங்கிருந்து தொடங்கலாம்?

அறிவியல் புனைவுத் தொடர்களில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது, 1987 முதல் 1994 வரை 7 சீசன்களாக ஒளிபரப்பான ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’. அதன் முதல் சீசன் சற்றுத் தடுமாற்றமானது என்பதால், அங்கேயே தொடங்கிச் சலித்துப்போய் விட்டுவிடாதீர்கள். பெரும்பாலானவை தனிக்கதைகள் என்பதால் வரிசை மாறினாலும் குழப்பம் வராது.

முதலில் 2ஆம் சீசனின் 9ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள். டேட்டா என்னும் இயந்திர மனிதன் வெறும் பொருளா, உரிமையுள்ள உயிரா என்று நடக்கும் விசாரணையில், அவனுடைய நண்பர் ரைக்கரே எதிர்த்தரப்பில் வாதாட நேர்கிறது. அவர் டேட்டாவின் விசையை அணைத்ததும் அவன் மேசைமீது அப்படியே சரியும் காட்சி நெஞ்சை உலுக்கிவிடும்.

5ஆம் சீசனின் 25ஆம் அத்தியாயத்தை மட்டும் எடுத்த எடுப்பில் பார்க்க வேண்டாம். தன் விண்கப்பலில் அரை மணி நேரம்கூட நினைவிழந்திராத கேப்டன் பிக்கார்ட், அதற்குள் எப்போதோ அழிந்துபோன ஒரு கிரகத்தில் மனைவி, மக்கள், பேரன் என்று ஒரு முழு வாழ்க்கையை வாழ்ந்து முடித்துவிடுகிறார். அந்த மனிதரை முன்பே சில கதைகளில் அறிந்திருந்தால்தான், இறுதியில் அவர் அறையில் தனியே நின்று அந்த வாழ்க்கையில் தான் வாசித்த சிறு குழலை மார்போடு அணைத்துக்கொள்ளும் மௌனத்தின் கனம் முழுமையாகப் புரியும்.