அமெரிக்க அரசியலில் இனக் கசப்பு: பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் தேர்தல் நெருங்கினால் போதும், "எல்லாம் வெள்ளையர்களின் இனக் கசப்புதான்" என்று ஒரு தரப்பும் "எதற்கெடுத்தாலும் இனமா?" என்று இன்னொரு தரப்பும் தமிழிலேயே மல்லுக்கட்ட ஆரம்பித்துவிடுகின்றன. அந்தக் கசப்பை எப்படி அளக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பேசுகிறவர்கள் மிகக் குறைவு. முதல் தவறு அதுதான்.

அமெரிக்க தேசியத் தேர்தல் ஆய்வு 1980களின் நடுவிலிருந்து நான்கு கூற்றுகளை வாசித்து, ஏற்கிறீர்களா மறுக்கிறீர்களா என்று கேட்டுவருகிறது. சாரம் இதுதான்: ஒன்று, ஐரிஷ்காரர்கள், இத்தாலியர்கள், யூதர்கள் எல்லாம் பாகுபாட்டைத் தாண்டி உழைத்து மேலே வந்தார்கள், கறுப்பினத்தவரும் தனிச் சலுகை இல்லாமல் அப்படியே வர வேண்டும்; இரண்டு, கறுப்பினத்தவர் போதுமான அளவு முயல்வதில்லை, முயன்றால் வெள்ளையர் அளவுக்கு வசதியாக வாழலாம்; மூன்று, தலைமுறை தலைமுறையான அடிமைத்தனமும் பாகுபாடும் அவர்கள் முன்னேறுவதைக் கடினமாக்கிவிட்டன; நான்கு, அண்மைக் காலத்தில் அவர்களுக்கு உரியதைவிடக் குறைவாகவே கிடைத்திருக்கிறது. முதல் இரண்டை ஏற்று, பின்னிரண்டை மறுத்தால் இனக் கசப்பு மதிப்பெண் ஏறும்.

கவனித்தீர்களா, "கறுப்பர்கள் பிறவியிலேயே தாழ்ந்தவர்கள்" என்ற பேச்சே இதில் இல்லை. டொனால்ட் கிண்டர், லின் சாண்டர்ஸ் போன்ற அரசியல் ஆய்வாளர்கள் சொன்னதும் அதைத்தான்: பழைய வெளிப்படையான இனவெறி பொதுப்பேச்சிலிருந்து ஒதுங்கிய பிறகு, "உழைக்காமல் கேட்கிறார்கள்" என்ற குறையாக அது உருமாறியது. ஆனாலும் மதிப்பெண் உயர்ந்த ஒருவரைப் பிடித்து இனவெறியர் என்று முத்திரை குத்துவது அடுத்த தவறு. அரசு உதவியே கூடாது, யாருக்கும் கூடாது என்று நினைக்கிறவரும் இதில் உயர்ந்த எண் வாங்கலாம். ஸ்டான்லி ஃபெல்ட்மனும் லியோனி ஹடியும் 2005இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி உதவித்தொகைத் திட்டம் ஒன்றை ஆளுக்கு ஒரு மாதிரி மாற்றிச் சொல்லிப் பார்த்தார்கள். சிலரிடம் கறுப்பின மாணவர்களுக்கு என்றும், சிலரிடம் வேறு மாணவர்களுக்கு என்றும். தாராளவாதிகளில் கசப்பு மதிப்பெண் கூடியவர்கள் கறுப்பின மாணவர்களுக்கு என்றபோதுதான் குறிப்பாக எதிர்த்தார்கள். பழமைவாதிகளிலோ மதிப்பெண் கூடியவர்கள் யாருக்கு என்றாலும் எதிர்த்தார்கள். ஒரே எண்தான், ஆனால் இரண்டு இடத்தில் அது இரண்டு விஷயத்தைச் சொல்கிறது.

நம்மவர்கள் அதிகம் செய்கிற தவறு ஒன்று உண்டு, இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். "நாங்களும் நிறத்தால் வேறுபட்டவர்கள்தான், வந்து உழைத்து முன்னேறவில்லையா, அவர்களுக்கு என்ன?" என்று அமெரிக்கத் தமிழர் கூட்டங்களில் சரளமாகச் சொல்வார்கள். ஐரிஷ்காரருக்குப் பதில் இந்தியர் என்று போட்டுவிட்டால் இது அந்த முதல் கூற்றேதான்! 1923இல் பகத் சிங் திந்த் வழக்கில் இந்தியர்கள் வெள்ளையர் அல்லர் என்று சொல்லி அமெரிக்க உச்ச நீதிமன்றம் குடியுரிமையை மறுத்தது. 1946இல் கதவு திறந்தபோதும் ஆண்டுக்கு சுமார் 100 இந்தியர்களுக்குத்தான் இடம். நம்மவர்கள் பெருமளவில் போனது 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு. தேசவாரி ஒதுக்கீட்டை ஒழித்த அந்தச் சட்டத்தைக் கறுப்பின மக்களின் குடிமை உரிமைப் போராட்டம் உண்டாக்கிய சூழல் இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியாது. அதிலும் தொடக்கத்தில் பெரும்பாலும் மருத்துவர், பொறியாளர் என்று படித்தவர்களாகப் பொறுக்கி எடுத்துத்தான் விசா கொடுத்தார்கள். அப்படி வந்தவர்களை, அடிமைகளாக இழுத்துவரப்பட்டவர்களின் வழிவந்தவர்களோடு வைத்து உழைப்பை அளப்பது நியாயமே இல்லை.

அப்புறம் கட்சிகள். "அடிமை முறையை ஆதரித்தது ஜனநாயகக் கட்சிதானே, லிங்கன் குடியரசுக் கட்சிதானே" என்று கேட்டுவிட்டு விவாதமே முடிந்ததுபோல் நடந்துகொள்வார்கள். மிசிசிப்பி மாநிலத்தைப் பாருங்கள். 1936 அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் ரூஸ்வெல்ட்டுக்கு அங்கே சுமார் 97 சதவீத வாக்கு. 1964இல் அதே மாநிலம் குடியரசுக் கட்சியின் பேரி கோல்ட்வாட்டருக்கு 87 சதவீதம் கொடுத்தது. அந்த ஆண்டு ஜனநாயகக் கட்சி அதிபர் ஜான்சன் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் குடிமை உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். கோல்ட்வாட்டர் செனட்டில் அதை எதிர்த்து வாக்களித்தவர். அங்கே கறுப்பின மக்களைப் பெரும்பாலும் வாக்காளர் பட்டியலிலேயே சேர விடாத காலம் அது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஆனால் அவசரப்பட்டு எதிர்முடிவுக்கும் தாவ வேண்டாம்: அதே செனட்டில் ஆதரித்தவர்களின் விகிதம் குடியரசுக் கட்சியில்தான் கூடுதல், 33 பேரில் 27 பேர். கட்சியின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு நூறு ஆண்டு வரலாற்றைப் பேச முடியாது.

பொருளாதாரமா இனமா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதும் தவறுதான். அரசியல் ஆய்வாளர் மார்ட்டின் கிலென்ஸ் 1988 முதல் 1992 வரையிலான மூன்று பெரிய செய்தி இதழ்களைப் புரட்டிப் பார்த்தார். வறுமைக் கட்டுரைகளின் படங்களில் இருந்த ஏழைகளில் 62 சதவீதம் பேர் கறுப்பினத்தவர். நிஜத்தில் நாட்டின் ஏழைகளில் அவர்கள் 29 சதவீதம்தான். இப்படிப் படங்களைப் பார்த்துப் பழகிய வாசகர் நலத்திட்டத்தைப் பற்றி யோசிக்கும்போது வரிப்பணமும் இனமும் சேர்ந்தே மனதில் வரும், அதைப் பிரித்தெடுக்க அவராலேயே முடியாது.

கடைசியாக, கசப்புதான் கட்சியைத் தீர்மானிக்கிறது என்று ஒருவழிப் பாதையாக நினைப்பது. அந்தப் பக்கம் வலுவான சான்று இருக்கிறது. மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை 1993இல் கிளிண்டன் முன்வைத்தது என்று சொன்னபோது இருந்ததைவிட, ஒபாமாவுடையது என்று சொன்னபோது இனக் கசப்போடு எதிர்ப்பு இறுக்கமாக ஒட்டிக்கொண்டதை மைக்கேல் டெஸ்லர் ஒரு சோதனையில் காட்டினார். ஆனால் 2010களின் நடுவிலிருந்து ஜனநாயகக் கட்சியை ஆதரிக்கும் வெள்ளையர்களின் கசப்பு மதிப்பெண் மளமளவென்று இறங்கியது. புதிய இளைஞர்கள் சேர்ந்ததால் மட்டும் இல்லை, அதே ஆட்களைத் தொடர்ந்து கேட்ட ஆய்வுகளிலும் பதில்கள் மாறியிருந்தன. தலைவர்கள் எதைப் பேசுகிறார்களோ அதற்கேற்ப ஆதரவாளர்களும் இந்த நான்கு கூற்றுகளுக்குச் சொல்லும் பதிலை மாற்றிக்கொள்கிறார்கள். இரண்டு கட்சிகளுக்கும் இடைவெளி விரிந்திருக்கிறது என்று காட்டும் வரைபடத்தைப் பார்த்தால், எந்தக் கோடு நகர்ந்தது என்று முதலில் பாருங்கள்.