பழைய ஹெரால்டும் வீட்டு ஷெட்டும்: நான் செய்த தவறுகளை நீங்களும் செய்யாதீர்கள்

பழைய கார் ஒன்றை வாங்கி, கயிறு கட்டி இழுத்து வந்து வீட்டு ஷெட்டில் நிறுத்தியதும் கை சும்மா இருக்காது. அன்று சாயங்காலமே ஸ்பேனரை எடுத்து எதையாவது கழற்றத் தோன்றும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். என்னுடையது ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். 1961இலிருந்து 1971 வரை நம்ம சென்னையிலேயே செய்த கார், 948 சி.சி. இன்ஜின், இத்தாலிக்காரர் மிச்செலோட்டி வரைந்த உருவம். கடல் காற்றும் ஐப்பசி மழையும் சேர்ந்து அதை என்ன செய்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இப்போது கணக்குப் பார்த்தால், துரு கெடுத்ததைவிட நான் கெடுத்ததைச் சரிசெய்யத்தான் அதிகப் பணம் போயிருக்கிறது.

முதலில் கழற்றுகிற விஷயம். பத்மினியிலும் அம்பாசடரிலும் பாடிதான் எலும்புக்கூடு, தனியாக சேசிஸ் என்கிற அடிச்சட்டம் கிடையாது. ஹெரால்ட் அப்படி இல்லை. இங்கிலாந்தில் இந்தக் காரை உருவாக்கிய ஸ்டாண்டர்ட்-டிரையம்ப் கம்பெனிக்கு பாடி செய்துகொடுத்து வந்த கம்பெனியைப் போட்டிக் கம்பெனிக்காரர்கள் வாங்கிவிட்டதால், பாடியைத் துண்டு துண்டாக அடித்து, தனி சேசிஸ் மேல் வைத்து போல்ட் போட்டு முடுக்குகிற மாதிரி வடிவமைத்துவிட்டார்கள். சரி, போல்ட்தானே, கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டினால் போச்சு என்று தோன்றும். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவில் ஒவ்வொரு போல்ட்டிலும் பேக்கிங் துண்டுகள் இருக்கும், ஒரு இடத்தில் ஒன்று, இன்னொரு இடத்தில் மூன்று என்று எண்ணிக்கை மாறும். கதவு இடைவெளி சரியாக வருகிறதா என்று பார்த்துப் பார்த்து வைத்தவை அவை. நான் எல்லாவற்றையும் ஒரே பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி வைத்தேன். எந்த போல்ட்டில் எத்தனை என்று ஒரு அட்டையில் எழுதி, போனில் நாலு படம் எடுத்து வைத்திருந்தால் பத்து நிமிஷ வேலை.

அதைவிடப் பெரிய தவறு, துருப்பிடித்த பாகத்தை ஒரேயடியாக வெட்டி எடுப்பது. ஹெரால்ட் சேசிஸின் நடுவில் இருக்கிற இரண்டு கம்பங்களிலிருந்து பக்கவாட்டில் கைகள் மாதிரி நீண்டு பாடியைத் தாங்குகிற பாகங்கள் இருக்கும். முதலில் இற்றுப்போவது அவைதான், மண்ணும் ஈரமும் அங்கேதான் அடைகிறது. இரண்டு பக்கமும் இற்றிருந்தால் இரண்டையும் வெட்டிவிட்டு நிதானமாகப் புதிதாக வெல்டு அடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். பிடிமானம் போனதும் பாடி கண்ணுக்குத் தெரியாமல் தொங்கும், நீங்கள் தொங்கின நிலையிலேயே வெல்டு அடித்துப் பூட்டிவிடுவீர்கள். ஒன்றை வெட்டி, அளந்து, வெல்டு அடித்து, கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு அப்புறம் அடுத்தது. கதவு கனமாக இருக்கிறது, இடைஞ்சல் என்று கழற்றி வைத்துவிடக் கூடாது, கதவுதான் உங்கள் அளவுகோல். பத்மினி, அம்பாசடர் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கதவுக்குக் கீழே ஓடுகிற பெட்டித் தகட்டை வெட்டுவதற்கு முன்னால் கதவு வாயின் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்டு அடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் காரே நடுவில் வளையும்.

எங்கே வெட்டுவது என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. பெயின்ட்டில் ஒரு சின்னக் கொப்புளம் தெரிந்தால் உள்ளே உள்ளங்கை அகலத்துக்குத் தகடு போயிருக்கும், ஏனென்றால் துரு பெரும்பாலும் உள்பக்கத்திலிருந்துதான் வெளியே வருகிறது. பழைய ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். சின்னச் சுத்தியால் தட்டினால் நல்ல தகடு கணீர் என்று சொல்லும், போன தகடு மொத்தென்று சொல்லும். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றிப் பாடி முழுக்க இழுத்துக்கொண்டே போங்கள். ஒட்டாத இடத்தில் இருப்பது தகடு இல்லை, பள்ளத்தை நிரப்பப் பூசுகிற பட்டி. என் காரின் பின்பக்க மட்கார்டில் காந்தம் ஒரு முழ நீளத்துக்கு எங்கேயும் ஒட்டவில்லை. முன்னாலிருந்தவர் ஓட்டையில் வலை வைத்துப் பட்டி பூசியிருக்கிறார். பட்டி ஈரத்தை உறிஞ்சும், வெறும் தகட்டிலோ துருவின் மேலேயோ பூசினால் பளபளப்புக்குக் கீழே வேலை நடந்துகொண்டே இருக்கும். அதனால் சுத்தமான தகடு, அதன் மேல் ஈரத்தைத் தடுக்கிற அடிப்பூச்சான எபாக்ஸி பிரைமர், அதற்கு மேல் மெல்லிசாகப் பட்டி, இந்த வரிசைதான். டிங்கரிங் பார்க்கிறவர்களில் சிலர் நேரே தகட்டில் பட்டி பார்ப்பார்கள், ரொம்ப காலமாக அப்படித்தான் செய்கிறோம் என்பார்கள். அவர்களிடம் வாதாடிப் பயனில்லை, பிரைமர் டப்பாவை நீங்களே வாங்கிக் கையில் கொடுத்துவிடுங்கள்.

துருவைத் தின்னும் திரவம் என்று கடையில் விற்கிறார்களே, பெரும்பாலும் பாஸ்பாரிக் அமிலம் கலந்தது, அதைப் பற்றி ஒரு தப்பான நம்பிக்கை இருக்கிறது. அது தகட்டோடு ஒட்டியிருக்கும் மெல்லிய துருவில் மட்டும்தான் வேலை செய்யும். செதில் செதிலாக உதிர்கிற துருவின் மேல் தடவினால் மேல் தோல் மட்டும் கறுத்து நிற்கும், அடியில் ஒன்றும் நடந்திருக்காது. செதிலைச் சுரண்டி, வயர் பிரஷ் போட்டு, அதற்கப்புறம்தான் தடவ வேண்டும். வயர் பிரஷ் மட்டும் போதும் என்பதும் தப்பு. அது துருவைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடும், குழிக்குள் இருப்பது அப்படியே இருக்கும்.

சின்னச் சின்ன இரும்புச் சாமான்களுக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி, சலவை சோடா, ஒரு பேட்டரி சார்ஜர் போதும். நெகட்டிவ் முனையைச் சாமானிலும் பாசிட்டிவ் முனையை ஏதாவது பழைய இரும்புத் துண்டிலும் மாட்டி, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் சோடா கரைத்த தண்ணீரில் முக்கி வைத்தால் ராத்திரியோடு துரு கழன்று வரும். ஆனால் பாசிட்டிவ் பக்கம் எவர்சில்வர் கரண்டி மாட்டாதீர்கள், அதிலுள்ள குரோமியம் தண்ணீரில் கரைந்து விஷமாகிவிடும். ஹைட்ரஜன் வாயு வேறு கிளம்பும், மூடின ஷெட்டுக்குள் வேண்டாம், முற்றத்தில் வையுங்கள். ஸ்பிரிங்கையும் கடினப்படுத்திய போல்ட்டுகளையும் இதில் போடக் கூடாது, பிறகு பாரம் ஏறும்போது பட்டென்று முறியலாம்.

நம்ம ஊரில் இன்னொரு தொல்லை உண்டு. பாடி முழுவதையும் ஒரே மூச்சில் சுரண்டி வெள்ளி மாதிரி ஆக்கிவிட்டு, நாளை பிரைமர் அடிக்கலாம் என்று தூங்கப் போனால் காலையில் முழுக்க செம்பழுப்பு. உப்புக் காற்றும் கைவியர்வையும் போதும். ஒரு நாளில் எவ்வளவுக்குப் பிரைமர் அடிக்க முடியுமோ அவ்வளவை மட்டும் சுரண்டுங்கள். வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்துவிட்டால் பெயின்ட் வேலையை விட்டுவிட்டு இன்ஜினைப் பாருங்கள்.

இன்ஜின் என்றதும் நண்பன் செய்த காரியம் ஞாபகம் வருகிறது. பல வருஷம் ஓடாமல் நின்ற காரைக் கியரில் போட்டு இன்னொரு காரால் இழுத்தான், பிஸ்டன் ரிங் உடைந்து சிலிண்டரில் கோடு விழுந்துவிட்டது. பிளக் ஓட்டைகள் வழியே டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். அப்புறம் பிளக்குகள் இல்லாமலே ஹேண்டிலைப் போட்டு முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். அசையவில்லையா, இன்னும் ஒரு வாரம்.

ஸ்பேனர் விஷயமும் உண்டு. இந்தக் காரின் போல்ட்டுகள் அங்குலக் கணக்கு. அரை அங்குலம் என்றால் 12.7 மி.மீ., அதில் 13 நம்பர் ஸ்பேனரைப் போட்டு இழுத்தால் துருப்பிடித்த தலை உருண்டுவிடும்.

ஹெரால்ட் வைத்திருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. முன் சக்கரங்கள் திரும்புகிற கீழ் மூட்டில் டிரனியன் என்று ஒரு பித்தளைத் துண்டு இருக்கும். அதற்குள் திருகின இரும்புத் தண்டுதான் சக்கரத்தையே பிடித்திருக்கிறது. அங்கே போட வேண்டியது இபி 90 கியர் ஆயில். சர்வீஸ் ஸ்டேஷனில் கிரீஸ் கன்னை வைத்து அழுத்திவிடுவார்கள், கிரீஸ் மரைக்குள் போகாமல் வழியை அடைத்துக்கொள்ளும், தண்ணீர் இறங்கி இரும்பு அரித்து, ஒரு நாள் சக்கரம் மடங்கி கார் உட்கார்ந்துவிடும். பெயின்ட் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, இதை முதலில் கழற்றிப் பாருங்கள்.

உயிர் போகிற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் வேண்டும், செங்கல் அடுக்குவது ஸ்டாண்ட் ஆகாது. பெட்ரோல் டேங்க்கை நீங்களாக வெல்டு அடிக்காதீர்கள், வருஷக்கணக்கில் காலியாகக் கிடந்த டேங்க்கிலும் துருச் செதிலுக்குள் ஆவி தங்கியிருக்கும். பிரேக் டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் கம்ப்ரஸரால் ஊதாதீர்கள், பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், ஈரத்துணியால் துடையுங்கள். ரப்பர் ஹோஸ்கள் எல்லாவற்றையும் மாற்றுங்கள், இப்போது பங்க்கில் வருகிற எத்தனால் கலந்த பெட்ரோலைப் பழைய ரப்பர் தாங்காது.

கடைசியாகக் காகிதம். கிரைண்டரைப் பிடித்த வேகத்தில் சேசிஸ் எண்ணைச் சேர்த்துத் தேய்த்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் காரைக் காட்டி என்ன நிரூபிப்பது? தேய்க்கும் முன் அதன் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி 50 வருஷம் தாண்டிய காரை விண்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்யலாம், விஏ என்ற எழுத்துகளோடு நம்பர் வரும், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். ஆனால் கார் பழைய வடிவத்திலேயே இருக்க வேண்டும், சேசிஸையும் பாடியையும் இன்ஜினையும் பெரிதாக மாற்றியிருந்தால் கிடைக்காது. அப்படிப் பதிவு செய்த காரை தினமும் ஆபீசுக்கு ஓட்டவும் முடியாது. அதனால் மாருதி இன்ஜினைத் தூக்கி உள்ளே வைக்கலாமா என்று யோசிக்கிறவர்கள், எந்தப் பதிவு வேண்டும் என்பதை வெல்டிங் மெஷினை வாடகைக்கு எடுக்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

என் ஹெரால்ட் இப்போது ஓடுகிறது. இடது பக்கக் கதவை மட்டும் கொஞ்சம் தூக்கித்தான் சாத்த வேண்டும். பிஸ்கட் டப்பாவில் இன்னும் நாலு பேக்கிங் துண்டு மிச்சம் இருக்கிறது, எங்கே போக வேண்டியவை என்று தெரியவில்லை.