நடை சாத்தும் நேரம்: வேலைக்கு நடுவே ஓய்வை அமைத்துக்கொள்ளும் முறை

நெல்லைச் சீமையில் வயலை நம்பி வாழ்ந்தவர்களுக்கு ஓய்வை ஆண்டின் போக்கே கொடுத்துவந்தது. மாசி, பங்குனியில் பிசானம் என்னும் பருவத்து நெல் அறுவடை முடிந்துவிட்டால், அடுத்த பருவமான கார் சாகுபடிக்குப் பாபநாசம் அணை திறக்கும்வரை தாமிரபரணிப் பாசனத்தில் வேலை குறைவு. ஊர்க் கோயில் திருவிழாக்களான கொடைகள் பலவும் அந்த இடைவெளியில்தான் வருகின்றன. (கூலியாட்களுக்கு அதுவே கையில் காசில்லாத காலமாகவும் இருந்தது என்பதால், அதை அளவுக்கு மீறிப் புகழ வேண்டியதில்லை.) மாதச் சம்பளத்துக்கும், கடை வியாபாரத்துக்கும், ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் வீட்டுத் தொழிலுக்கும் அப்படி ஓர் இடைவெளி கிடையாது. எனவே வேலை முடிந்த பிறகு ஓய்வு என்று காத்திராமல், நாளிலும் வாரத்திலும் அதற்குரிய நேரத்தை முன்கூட்டியே குறித்துவிட வேண்டும்.

அதற்கு முன்பு, இப்போது எவ்வளவு ஓய்வு கிடைக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. ஒரு வாரத்துக்கு, இரவு படுக்கப் போகுமுன், அன்றைக்கு எந்த நேரத்தில் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாமலும் எதையும் முடித்தாக வேண்டாமலும் இருந்தோம் என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதிவையுங்கள். கைப்பேசியில் காணொளிகளைத் தள்ளிக்கொண்டிருந்த நேரத்தை இதில் சேர்க்கக் கூடாது. கை சும்மா இருந்தாலும் மனம் அப்போது வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. குற்றாலப் பயணத்தையும் சேர்க்க வேண்டாம் என்பேன். சாரல் காலத்து ஞாயிற்றுக்கிழமையில் விடியுமுன் கிளம்பி, ஏறக்குறைய 60 கிலோமீட்டர் பேருந்தில் நெருக்கியடித்துப் போய், அருவிக்கு வரிசையில் நின்று, இரவில் வீடு திரும்புவது மகிழ்ச்சியான காரியம்தான். ஆனால் மறுநாள் அலுவலகத்தில் கண்ணைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருப்பவரை ஓய்வெடுத்துவிட்டு வந்தவர் என்று சொல்ல முடியாது.

நாளுக்குள் ஓய்வை வைக்க மிகப் பொருத்தமான இடம் மதியம். நெல்லையப்பர் கோயிலிலேயே நண்பகல் கடந்ததும் நடை சாத்தி, மாலையில்தான் திறக்கிறார்கள். சுவாமியைப் பார்க்க வந்தவரும் காத்திருக்கத்தான் வேண்டும். மதியத்தில் வரும் தூக்கக் கலக்கத்துக்குச் சாப்பாட்டை மட்டும் குறை சொல்வது சரியல்ல. உடலின் உள்கடிகாரமே அந்த வேளையில் விழிப்பைச் சற்றுத் தாழ்த்துகிறது. ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் இருபது நிமிடம் படுத்தால் போதும். அரை மணி நேரத்தைத் தாண்டினால் ஆழ்ந்த உறக்கத்துக்குள் போய்விடுவோம். அதிலிருந்து எழும்போது தலை கனத்து, படுப்பதற்கு முன்பிருந்ததைவிடச் சோர்வாக இருக்கும். ஆகவே அலாரம் வைத்துக்கொண்டு, மெத்தையைத் தவிர்த்து, தார்சாவில் (வீட்டின் முன்கூடத்தில்) ஒரு கோரைப்பாயை விரித்துப் படுப்பது நல்லது. இதற்குப் பத்தமடையின் சாதாரணப் பாயே போதும். கல்யாணத்துக்கு நெய்யும் மெல்லிய பட்டுப்பாய் தேவையில்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் பகலில் தூங்கக் கூடாது என்று வீட்டில் ஆச்சி சொன்னால், அவரோடு வாதாட வேண்டாம். கண்ணை மூடாமல் சும்மா சாய்ந்திருந்தாலும் ஓய்வு கிடைக்கும்.

வீட்டுக்கு வர முடியாமல் கடையில் நிற்பவர்கள் தங்களுக்குள்ள உரிமையைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி, நான்கு மணி நேரம் தொடர்ந்து வேலை செய்த ஊழியருக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் இடைவேளை உண்டு. வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் உண்டு. 2021இல் வந்த திருத்தம், ஊழியர்கள் உட்காருவதற்கு இருக்கை வைக்க வேண்டும் என்று கூறுகிறது. இவற்றைத் தனியொருவராகப் போய்க் கேட்பதைவிட, உடன் வேலை பார்ப்பவர்களோடு சேர்ந்து கேட்பதே பயன் தரும். கிடைக்கும் இடைவேளையில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரத்தை வைத்துக்கொண்டு, மீதி நேரத்தில் கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டுக் காலை நீட்டி உட்காருங்கள்.

மேலப்பாளையத்திலும் முக்கூடல் பக்கத்திலும் வீட்டிலிருந்து பீடி சுற்றும் பெண்களின் நிலைமை இதைவிடக் கடினமானது. வேலையிடமும் வீடும் ஒன்றாக இருப்பதால், சுளகு (முறம்) மடியில் இருக்கும்போதே உலை கொதிக்கிறது, பிள்ளை பாடம் கேட்கிறது, சுற்றாத ஒவ்வொரு கணமும் கூலியில் குறைவதாகத் தோன்றுகிறது. இப்படிப்பட்ட தொழிலில் மணியைப் பார்த்து நிறுத்துவது எளிதல்ல. காலையிலேயே அன்றைய எண்ணிக்கையை முடிவுசெய்து, அது முடிந்ததும் இலையையும் தூளையும் சுளகோடு கண்ணில் படாத இடத்தில் எடுத்து வைத்துவிடுவது நடைமுறைக்கு ஒத்துவரும். எஞ்சிய நேரத்தை அடுப்படி விழுங்கிவிட்டால் அந்த ஏற்பாட்டாலும் பயனில்லை. குடும்பமே ஓய்வெடுக்கும் ஞாயிற்றுக்கிழமையில்தான் ஆட்டுக்கறிக் குழம்பும், அதற்குரிய அரைப்பும், கழுவித் தீராத பாத்திரமும் ஒருத்தியின் தலையில் விழுகின்றன. அன்று இரவுச் சாப்பாட்டை யார் பார்ப்பது, பாத்திரத்தை யார் கழுவுவது என்பதைப் பெயர் சொல்லி முன்பே தீர்மானித்துவிடுங்கள். ‘எல்லோரும் உதவ வேண்டும்’ என்று பொதுவாகச் சொன்னால் வேலை திரும்பவும் அம்மாவிடமே வந்து சேரும்.

வாரத்தில் அரை நாளையாவது காலியாக வைக்க முயலும்போது பெரும்பாலும் குறுக்கே வருபவை கல்யாணம், சடங்கு, கொடை, துஷ்டி (சாவு வீடு) ஆகியவையே. துஷ்டிக்குப் போகாமல் இருக்க முடியாது; இருக்கவும் வேண்டாம். மற்றவற்றுக்குக் குடும்பத்தோடு போகாமல், வீட்டுக்கு ஒருவர் முறைவைத்துப் போய் மொய் எழுதிவிட்டு வரலாம். ‘மதினி வரலையா?’ என்ற கேள்விக்கு, ‘இன்னைக்கு அவ வீட்டுல ஓய்வா இருக்கா’ என்று மறைக்காமல் பதில் சொல்லிப் பழக வேண்டும். உடம்பு சரியில்லை என்று பொய் சொன்னால் மறுநாள் பழத்தோடு ஆட்கள் வந்துவிடுவார்கள். அந்த அரை நாளில் என்ன செய்வது என்று திட்டம் போடத் தேவையில்லை. வெயில் தாழ்ந்த பிறகு தாமிரபரணியின் குறுக்குத்துறைப் படித்துறையில் உட்கார்ந்துவிட்டு வரலாம். குளிக்க விரும்பினால், கழிவுநீர் கலக்கும் நகரப் பகுதியைத் தவிர்த்து ஆற்றின் மேல்பக்கம் போவது நல்லது.

இரவு உறக்கம் சரியாக இல்லாவிட்டால் பகல் ஓய்வு எதையும் ஈடுகட்டாது. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது உறக்கம் தேவை. குடித்த காபியின் வீரியத்தில் பாதி ஐந்து, ஆறு மணி நேரத்துக்குப் பிறகும் உடலில் இருக்கும் என்பதால், கடைசிக் காபியை மாலை நான்கு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியைப் படுக்கையறைக்குள் கொண்டுபோகாமல் தார்சாவிலேயே சார்ஜில் போட்டுவிடுங்கள்.

இவ்வளவும் செய்து ஒரு மாதம் கடந்த பின்னும் காலையில் எழும்போதே களைப்பு இருந்தால், அதற்குக் காரணம் வேலையாக இல்லாமல் இருக்கலாம். இரத்தச் சோகை, தைராய்டு குறைபாடு, சர்க்கரை, மனச்சோர்வு ஆகிய எல்லாமே முதலில் களைப்பாகத் தெரியலாம். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையிலோ இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தூக்கத்தில் பலத்த குறட்டையும் இடையிடையே மூச்சு நின்று திணறுவதும் இருப்பதாக உடன் படுப்பவர் சொன்னால், அதைச் சிரித்து ஒதுக்காமல் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்; முடிந்தால் அதை நேரில் பார்த்தவரையும் அழைத்துச் செல்லுங்கள்.