உப்பு பூத்த வயலுக்கு ஒரு துணிச் சோதனை

ராஜஸ்தானில் இந்திரா காந்தி கால்வாய் பாயும் வயல்கள் பலவற்றில் நிலத்தடி நீர் மேலேறி உப்பு பூத்துவிட்டது. உப்பு ஏறினால் மண்ணின் நுண்ணுயிர்கள் சோர்ந்துபோகும், மட்கவைப்பதற்காக அவை சுரக்கும் நொதிகளும் (என்சைம்) குறையும். போட்ட தொழு உரம் சரியாக மட்காது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பழைய பருத்தி வேட்டியில் இரண்டு துண்டு கிழித்து, உப்புத் திட்டில் ஒன்றும் நல்ல இடத்தில் ஒன்றுமாக அரைச் சாண் ஆழத்தில் புதையுங்கள். பாலியெஸ்டர் கலந்த துணி வேண்டாம், அது மட்கவே மட்காது. இரண்டு இடத்திலும் ஈரம் ஒரே அளவில் இருக்கட்டும். இரண்டு மாதம் கழித்துத் தோண்டினால், நொதிகள் நன்றாக வேலை செய்யும் மண்ணில் துணி நைந்து நூல்நூலாக வரும்.

உப்புத் திட்டில் துணி முழுசாக இருந்தால் மண் பரிசோதனை செய்யுங்கள். உவர் (கரையும் உப்பு மிகுந்த மண்) என்றால் முதலில் வடிகால், அப்புறம் நல்ல தண்ணீரில் உப்பை அலசி இறக்குவது, பிறகு பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவது. ஜிப்சம் போடுவது களர் (சோடியம் மிகுந்த) நிலத்துக்குத்தான்.