பீ கோட் வாங்கும்போது முதலில் துணியைப் பாருங்கள்

பீ கோட் என்பது மாலுமிகள் அணிந்துவந்த, முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து இரட்டை வரிசைப் பட்டன் போடும் குட்டையான கம்பளிக் கோட். அதில் வரும் ‘பீ’க்கும், ஆங்கிலத்தில் ‘பீ’ எனப்படும் பட்டாணிக்கும் சம்பந்தமில்லை. முரட்டுக் கம்பளித் துணி ஒன்றுக்கு டச்சு மொழியில் ‘பை’ என்று பெயர். அதிலிருந்து வந்ததாகத்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். பெயரே துணியின் பெயர். ஆனால் வாங்கப் போகிறவர்கள் நிறம், காலர், நங்கூரம் பொறித்த பட்டன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் துணியைக் கடைசியில்தான் தொடுகிறார்கள். பல தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

‘உல் பிளெண்ட்’ என்ற சொல்லை நம்பிவிடாதீர்கள். கம்பளி கலந்திருக்கிறது என்று மட்டும்தான் அது சொல்கிறது. எவ்வளவு என்று சொல்வதில்லை. கோட்டின் உள்பக்கத் தையலில் தொங்கும் சின்னப் பட்டியைப் புரட்டிச் சதவீதத்தைப் படியுங்கள். 80% கம்பளி, 20% நைலான் நல்ல கலவை. நைலான் துணியைச் சீக்கிரம் தேயவிடாது. பாதிக்கு மேல் பாலியஸ்டரோ அக்ரிலிக்கோ இருந்தால் அதே கனத்துக்குக் குளிர் கூடுதலாக உறைக்கும். அக்குளிலும் பாக்கெட் ஓரத்திலும் பிசிறு திரண்டு உருண்டை உருண்டையாக நிற்கும்.

அடுத்து நெசவு. பீ கோட்டுக்கு ஏற்றது மெல்டன் துணி. நெய்து முடித்தபின் ஈரமும் அழுத்தமும் கொடுத்துச் சுருக்குவதால் இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து, நெசவே கண்ணுக்குத் தெரியாது. காற்று புகாததற்குக் காரணம் அதுதான். கப்பல் தளத்தில் நிற்கிறவனுக்காக உண்டான உடை இது. காற்றைத் தடுக்காவிட்டால் மற்ற எது இருந்தும் பயனில்லை. முகத்துக்கு அருகே கொண்டுவந்து பாருங்கள். குறுக்கிழையும் நெடுக்கிழையும் தனித்தனியாகத் தெரிந்தால் அது தளர்ந்த துணி. ஓர் ஓரத்தைக் கைக்குள் இறுக்கிப் பத்து விநாடி வைத்து விடுங்கள்: நல்ல மெல்டன் மெல்ல விரிந்து பழைய நிலைக்கு வரும், மட்டமானது கசங்கியே கிடக்கும். விற்பனைக் குறிப்பில் 24 அவுன்ஸ், 32 அவுன்ஸ் என்று இருந்தால் அது கோட்டின் எடை அல்ல, ஒரு கஜத் துணியின் எடை.

அளவு பார்க்கும்போது மெல்லிய சட்டையோடு போட்டுப் பார்ப்பது பெரிய தவறு. குளிர்காலத்தில் உள்ளே அணியப்போகும் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். எல்லா பட்டன்களையும் மாட்டுங்கள், உள்பக்கம் மறைந்திருக்கும் பட்டனையும் சேர்த்து. அதை விட்டால் உள்ளே போகும் மடிப்பு கீழே தொங்கி, முன்பக்கம் கோணிக்கொள்ளும். பிறகு இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக் கட்டிப் பாருங்கள். முதுகு இறுகினாலோ, பட்டனைச் சுற்றிப் பெருக்கல் குறிபோல மடிப்பு விழுந்தாலோ ஓர் அளவு பெரியதை எடுங்கள். தோள் தையல் தோள் எலும்பின் முனையில், அல்லது ஒரு விரல் தள்ளி, நிற்க வேண்டும். கை நீளத்தைத் தையல்காரர் குறைத்துவிடுவார். தோளைச் சரிசெய்யக் கோட்டையே பிரிக்க வேண்டும், அதற்குச் செலவும் அதிகமாகும். எனவே தோள் சரியில்லாத கோட்டை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

காலரைத் தூக்கிக் கழுத்தைச் சுற்றி மூடிப் பார்க்க மறக்காதீர்கள். தூக்கினால் நிற்காமல் சரிகிற காலர் வெறும் அலங்காரம்தான்.

புதுக் கோட்டின் பின்பக்கம் கீழே திறப்பாக விட்டிருக்கும் வெட்டில் வெள்ளை நூலால் பெருக்கல் குறி போட்டிருக்கும். கடைக்கு வரும்வரை மடிப்பு கலையாமல் இருக்கப் போட்ட தையல் அது. அதோடே நடந்தால் வெட்டு விரியாது, உட்காரும்போது துணி இழுபடும். சின்னக் கத்தரியால் நூலை மட்டும் வெட்டி உருவிவிடுங்கள். கையின் வெளிப்பக்கம் தைத்த கம்பெனிப் பட்டியையும் அப்படியே நீக்க வேண்டும்.

எந்த ஊர்க் குளிருக்கு என்பதையும் யோசியுங்கள். லண்டன் குளிருக்கு, உள்ளே ஸ்வெட்டரோடு, இது தாராளம். டொரொண்டோவின் ஜனவரிக்கு மட்டும் இதை நம்பிப் போகாதீர்கள். இடுப்புக்குச் சற்றுக் கீழேயே முடிகிற உடை தொடையைக் காப்பாற்றாது. தூறலைத் தாங்கும், கொட்டும் மழையைத் தாங்காது.

வாங்கியபின் வாஷிங் மெஷினில் போட்டுக் கெடுத்தவர்கள் பலர். கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. சூடும் ஈரமும் உலுக்கலும் சேரும்போது அவை ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். சுருங்கிய கோட் பிறகு விரியாது. குளிர்காலத்துக்கு ஒருமுறை டிரை கிளீனிங் போதும், இடையில் பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். நனைந்தால் அகலமான ஹேங்கரில் மாட்டி, ஹீட்டரை விட்டுத் தள்ளி உலர்த்துங்கள்.

எடுத்து வைக்கும் முன் சுத்தம் செய்யாமல் வைப்பதுதான் கடைசித் தவறு. அந்துப்பூச்சியின் புழு வியர்வையும் உணவுக் கறையும் படிந்த இடத்தைத் தேடித்தான் முதலில் அரிக்கும். பருத்தி உறைக்குள் மாட்டி வையுங்கள், பிளாஸ்டிக் உறை வேண்டாம். ஊருக்குக் கொண்டுவந்து சென்னைப் புழுக்கத்தில் வைப்பதானால் மாதம் ஒருமுறை வெளியே எடுத்து நிழலில் காற்றாட விடுங்கள்; இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும்.